முதலில் உதிர வேண்டியது எது?

காவிரிப் படுகையில் வீடு கட்டக் கல் கிடையாது. திருச்சி மலைக்கோட்டைப் பாறையைத் தாண்டிக் கிழக்கே வந்தால், வல்லம் மேட்டின் செம்புறாங்கல்லைத் தவிர, கடற்கரை வரைக்கும் ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும் களியும்தான். ராஜராஜன் 1010-இல் முடித்த பெரிய கோயிலுக்குக் கருங்கல் வெளியிலிருந்து வந்தது. அது சாமிக்கு. தாங்கள் குடியிருக்க அரசர்கள் மண்ணைத்தான் சுட்டார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டைத் தோண்டியபோது சோழர் அரண்மனையில் மிஞ்சியிருந்தவை செங்கல் அடித்தளங்கள். தஞ்சை அரண்மனையில் நாயக்கரும் மராத்தியரும் எழுப்பிய மாடங்களும் வளைவுகளும் செங்கல், சுண்ணாம்பு. கும்பகோணத்துச் சன்னதித் தெருக்களில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வீடுகளும், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் தூண் வைத்துக் கட்டிய மாடி வீடுகளும் அதே கதைதான். இத்தனைக்கும் இந்த நாட்டுச் செங்கல் ஒன்றும் உயர்ந்த சரக்கல்ல. காளவாயில் ஓரத்தில் இருந்தது பாதி வெந்தும், நடுவில் இருந்தது உருகிக் கறுத்தும் வெளிவரும். அதை ஒட்டவைத்த சுண்ணாம்புச் சாந்தோ விரல் நகத்தால் சுரண்டினால் உதிரும். நிற்பது, மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் களிமண்ணின் மேல். இவ்வளவு பலவீனங்களைச் சேர்த்துக் கட்டிய சுவர் இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டு நிற்கிறது. அதே தெருவில் கம்பியும் சிமெண்டும் போட்டுக் கட்டியது முப்பது நாற்பது ஆண்டில் கம்பி துருப்பிடித்துக் கூரை பெயர்கிறது. பழைய கொத்தனார்களின் கைராசி என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது வழக்கம். அந்தச் சுவரின் பலவீனங்கள் ஒரு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன, எளிதில் மாற்றக்கூடியது எதுவோ அது முதலில் கெடும்படி அந்த வரிசை அமைந்திருக்கிறது, வீட்டின் ஆயுள் அதிலிருந்துதான் வருகிறது என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

வாதத்துக்குத் தரங்கம்பாடி வசதியான ஊர். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ராஜ வீதியின் வீடுகளுக்கு இன்றைய முகம் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டில் வந்தது. லண்டனில் நான்கு ஜார்ஜ் மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட காலமும் (1714–1830) அதுவே. அங்கே ஜார்ஜியன் வீடு என்று இன்றும் பெருமையாகச் சொல்லப்படும் செங்கல் வரிசை வீடுகள் எழுந்துகொண்டிருந்தன. 1666 தீவிபத்துக்குப் பிறகு, 1667-இல் வந்த சட்டம் லண்டனில் வெளிச்சுவர்களைச் செங்கல்லிலோ கல்லிலோதான் கட்ட வேண்டும் என்றது. 1774 சட்டம் வீடுகளை நான்கு தரமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சுவர்க் கனம் வகுத்தது. லண்டனும் ஆற்றங்கரை ஊர். காலுக்குக் கீழே களிமண், பக்கத்தில் கல் இல்லை. குறுகிய முகப்பு, நீண்ட உள்வாட்டம், இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவர், சுண்ணாம்புச் சாந்து என்ற அமைப்பு அங்கும் உண்டு, கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவிலும் உண்டு. அந்தத் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீட்டைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பராமரிக்கிறது; திண்ணை, உள்ளே குறுகிய நடை, பின்னால் கொல்லை என்று நீளும் அதன் உள்வாட்டத்தை யாரும் போய்ப் பார்க்கலாம். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தது அல்ல இது. தெருமுகம் விலை கூடிய இடத்தில், மண் மட்டுமே கிடைக்கும் ஊரில், மனிதர்கள் தனித்தனியே வந்துசேர்ந்த ஒரே விடை. வேறுபாடும் உண்டு. லண்டன் வீடு முன்னும் பின்னும் சன்னல் வைத்து வெளிச்சம் வாங்கியது. படுகை வீடு நடுவில் முற்றம் திறந்து வாங்கியது. லண்டன்காரர்கள் செங்கல்லை வெளியே தெரியவிட்டார்கள். இங்கே பூசி வெள்ளையடித்தார்கள். இந்தக் கடைசி வேறுபாடு அழகு பற்றியது மட்டும் அல்ல என்பது பிறகு தெரியும்.

முதலில் வலிமை. வீடு நிற்க எவ்வளவு வலிமை வேண்டும் என்பதை எட்டாம் வகுப்புக் கணக்கால் பார்த்துவிடலாம். இரண்டு தளமும் கைப்பிடிச் சுவரும் சேர்த்து 8 மீட்டர் உயரம் என்று வைப்போம். அடிச்சுவரில் ஒரு சதுர சென்டிமீட்டரை எடுத்துக்கொண்டால் அதன் தலைமேல் 800 கன சென்டிமீட்டர் செங்கல் இருக்கிறது. கன சென்டிமீட்டருக்கு 1.9 கிராம் என்றால் 1.5 கிலோ. தளமும் கூரையும் தரும் சுமையைச் சேர்த்தாலும், 45 செ.மீ. கனச் சுவரில் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ, தாராளமாகப் போட்டால் 2.5 கிலோ. இந்தியத் தர விதிகள் ஏற்கும் மிகக் கடைசித் தரச் செங்கல்லே 35 கிலோ தாங்கும். நன்கு இறுகிய சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து சுமார் 10 கிலோ தாங்கும். ஆக நகத்தால் சுரண்டினால் உதிரும் அந்தச் சாந்துகூடத் தேவையைப் போல நான்கு மடங்கு வலிமை உள்ளது. நூறு கிலோ, இருநூறு கிலோ தாங்கும் சிமெண்டுச் சாந்தை அங்கே வைப்பதால் சுவருக்குக் கிடைக்கும் கூடுதல் பயன் எதுவும் இல்லை. வீட்டுச் சுவர் நசுங்கிச் செத்ததாகச் சரித்திரம் கிடையாது. விரிசலாலும் ஓதத்தாலும் உப்பாலும்தான் அது சாகிறது.

அந்தச் சுமை மண்ணில் இறங்கும் இடத்தில் கணக்கு தலைகீழாகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ என்பது சதுர மீட்டருக்கு 20 டன். படுகையின் ஈரக் களி அதில் பாதியைக் கூட நம்பி ஏற்றக்கூடிய மண் அல்ல. எனவே அஸ்திவாரத்தைப் படிப்படியாக அகலமாக்கிச் சுமையைப் பரப்புகிறார்கள். மணலாக இருந்தால் செங்கல் உறைகளைக் கிணறுபோல இறக்கி அதன்மேல் எழுப்புகிறார்கள். என்ன செய்தாலும் மண் அசைவதை நிறுத்த முடியாது. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு ஜூன் 12-ஐ ஒட்டித் தண்ணீர் திறந்து ஜனவரிக் கடைசியில் அடைப்பது முறையாயிற்று; அதற்கு முன்பும் ஆறு தன் போக்கில் இதே தாளத்தைத்தான் போட்டது. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் களி தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது; ஐப்பசி அடைமழையில் ஊறிக் கிடக்கிறது; மாசி பங்குனியில் சுருங்கி, வயலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. குளத்துப் பக்கம் இருக்கும் மூலை ஒருவிதமாகவும், வேப்பமரம் வேர்விட்ட மூலை வேறுவிதமாகவும் ஏறி இறங்கும். அசைவு மில்லிமீட்டர்க் கணக்குதான். ஆனால் ஆண்டுக்கொரு முறை, இருநூறு ஆண்டு. வீட்டின் முன் இருக்கும் கேள்வி இந்த அசைவை எங்கே வாங்கிக்கொள்வது என்பது.

சுண்ணாம்பு அதை மூட்டுகளில் வாங்கிக்கொள்கிறது. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ காளவாயில் 900 டிகிரிக்கு மேல் சுட்டால் கரியமில வாயு வெளியேறுகிறது; நூறு கிலோ கல்லுக்கு 44 கிலோ வாயு, மிஞ்சுவது 56 கிலோ நீற்றாத சுண்ணாம்பு. தண்ணீர் விட்டு நீற்றி, மணலோடு அரைத்துச் சுவரில் வைத்தபின், அது காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சிப் பழையபடி கல்லாகிறது. மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி நகரும் இந்த மாற்றம் கனமான சுவரின் நடுவைத் தொட ஆண்டுகள் பிடிக்கும். அந்த ஆண்டுகளில்தான் புதுக் கட்டடத்தின் பெரும் இறக்கம் நிகழ்கிறது. சுவர் உட்கார்ந்து முடிக்கும் வரை சாந்து முழுக்க இறுகாமல் காத்திருக்கிறது. இறுகிய பிறகும் அது தொடர்ந்த அழுத்தத்தில் துளித்துளியாக உருமாறுகிறது. அசைவு பெரிதானால், பல மூட்டுகளில் மயிரிழை விரிசல்களாகப் பிரிந்துபோகிறது. ஒரே இடத்தில் செங்கல்லைப் பிளந்துகொண்டு ஓடுவதில்லை. அந்த மயிரிழைகளுக்குள் மழைநீர் புகும்போது, இன்னும் கல்லாகாத சுண்ணாம்பு கொஞ்சம் கரைந்து, விரிசலில் வந்து, காற்றுப் பட்டு மறுபடி படிகிறது. சின்ன விரிசல் தானே அடைகிறது. இதைச் சோதிக்க ஒரு நல்ல சான்று தெருவின் நீளம். லண்டனின் ஜார்ஜியன் வரிசைகள் நூறு மீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல் ஓடுகின்றன; நம் அக்ரகாரங்களின் பொதுச்சுவர் வரிசைகளும் அப்படியே. சிமெண்டுச் சாந்தில் செங்கல் சுவர் எழுப்பும் இன்றைய பொறியாளர் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு ஒருமுறை அசைவுக்கென்று ஒரு பிளவை விட்டே தீர வேண்டும். பழைய சுவரில் மூட்டுதோறும் அந்தப் பிளவு இருக்கிறது.

சுண்ணாம்பு என்றாலே பலவீனம் என்று எண்ணவும் வேண்டாம். காளவாயின் ஓரத்தில் குறைவாக வெந்த செங்கல்லை இடித்துத் தூளாக்கினால் சுர்க்கி. அறுநூறு முதல் எண்ணூறு டிகிரியில் வெந்த களிமண் சுண்ணாம்போடு வினைபுரியும் தன்மை உடையது. முற்ற வெந்ததற்கு அது போய்விடும். கட்டடத்துக்கு உதவாத கழிவுக் கல்லே சாந்தைத் தண்ணீருக்கடியிலும் இறுகச் செய்யும் மருந்தாகிறது. காவிரியின் மேல்தலையில் கிருஷ்ணராஜசாகர் அணையே சுர்க்கிச் சாந்தில் கட்டப்பட்டதுதான். அணைக்கு வேண்டிய இறுக்கமும் வீட்டுச் சுவருக்கு வேண்டிய இளக்கமும் ஒரே பொருள்களின் விகிதத்தை மாற்றிக் கிடைத்தன என்பதே இதில் கவனிக்க வேண்டியது. கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று பத்திரிகைகள் பரவசப்படுவதை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரைக்கிறது, சாந்து வழுவழுவென்று வேலைக்கு இணங்குகிறது, உண்மைதான். ஆனால் சாந்தின் தரத்தைத் தீர்மானித்தவை நெடுநாள் ஊறவைத்து நீற்றியதும், செக்கில் அலுக்காமல் அரைத்ததும்தான். அதில் மர்மம் இல்லை, கூலி இருக்கிறது.

மண்ணின் அசைவைவிடப் பெரிய எதிரி மண்ணின் தண்ணீர். செங்கல்லின் நுண்துளைகள் விளக்குத் திரிபோல வேலை செய்கின்றன. துளையின் ஆரம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், பரப்பு இழுவிசையின் சமன்பாடு தரும் விடை 15 மீட்டர். அதாவது இரண்டு மாடி வீட்டின் உச்சி தாண்டியும் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். நடப்பில் பழைய வீடுகளில் ஓதம் இடுப்பளவில், மிஞ்சினால் மார்பளவில் நின்றுவிடுகிறது. நிறுத்துவது எது? ஈரம் தடுக்கும் தகடோ தாரோ அந்தச் சுவர்களில் கிடையாது. ஏறும் தண்ணீர் வழியெல்லாம் சுவர்ப்பரப்பிலிருந்து ஆவியாகிறது. ஏறும் அளவும் ஆவியாகும் அளவும் சமமாகும் உயரத்தில் ஓதம் நிற்கிறது. சுண்ணாம்புப் பூச்சும் அதன்மேல் அடித்த வெள்ளையும் நுண்துளை நிறைந்தவை என்பதால் ஆவி தடையின்றி வெளியேறுகிறது. இப்போது யாரோ ஒருவர் ஓதத்தை நிறுத்துகிறேன் என்று கீழ்ச்சுவருக்கு ஒரு பக்கம் சிமெண்டுப் பூச்சு போடுகிறார். ஆவியாகும் பரப்பு பாதியாகிறது. எளிய மாதிரியில் ஓத உயரம் ஆவியாகும் வேகத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில் இருப்பதால், ஓதம் சுமார் 40 சதவீதம் மேலே ஏறும். இரண்டு பக்கமும் பூசினால், பூச்சு முடியும் இடத்துக்கு மேலே போய் வெளிவரும். இடுப்பளவு கறையைச் சகிக்காதவர் தலையளவு கறையைச் சம்பாதித்துக்கொள்கிறார். பிறகு அதற்கும் மேலே ஒரு கோட்டுச் சிமெண்டு.

தண்ணீர் தனியாகவும் வருவதில்லை. படுகையின் கடலோரத்தில் நிலத்தடி நீரே உப்பு. சுவரில் ஏறும் தண்ணீர் கரைந்த உப்பைச் சுமந்துவந்து, ஆவியாகும் இடத்தில் இறக்கிவிட்டுப் போகிறது. துளைக்குள் உப்பு படிகமாக வளரும்போது துளைச்சுவரை நெட்டித் தள்ளும் அழுத்தம் செங்கல்லின் இழுவிசை வலிமையை எளிதில் மிஞ்சும். சுவர் பூத்து, பொருபொருவென்று மாவாக உதிர்வது இதனால்தான். சுண்ணாம்புப் பூச்சு இருக்கும்வரை ஆவியாகும் முகம் பூச்சுக்குள் இருக்கிறது. உப்பு அங்கே படிகமாகிறது, உதிர்வது பூச்சு, செங்கல் பிழைக்கிறது. பூச்சைச் சுரண்டி எடுக்கும்போது அதோடு கிலோக்கணக்கில் உப்பும் வீட்டைவிட்டுப் போகிறது. அடர்ந்த சிமெண்டுப் பூச்சு வந்தால் ஆவிமுகம் பின்னுக்குப் போய்ச் செங்கல்லுக்குள் உட்காருகிறது. வெளியே பூச்சு பளிச்சென்று இருக்கும், தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். பெயர்த்துப் பார்த்தால் பின்னால் செங்கல் மாவாகியிருக்கும். லண்டனில் பூசாத சுவர்களுக்கும் நியாயம் இதுவே. நன்கு வெந்த முகப்புச் செங்கற்களின் நடுவே மென்மையான சுண்ணாம்பு மூட்டு ஈரத்தையும் உப்பையும் தன்வழி இழுத்துவிட்டு உதிர்ந்தது; சில பத்தாண்டுக்கு ஒருமுறை மூட்டை மட்டும் சுரண்டிப் புதுச் சாந்து அடைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அதையே சிமெண்டால் அடைத்தபோது, மூட்டுகள் கோடுகோடாகத் துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் செங்கல் குழிந்து தேய்ந்தது. நம் செங்கல் இன்னும் இளகியது. எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தண்ணீர் குடிக்கக்கூடியது. மூட்டு மட்டும் பலியானால் போதாது, முகம் முழுக்க ஒரு பலிப்பூச்சு வேண்டும். தரங்கம்பாடியின் கவர்னர் பங்களா 1784-இலிருந்து ஆளுநர் மனையாக இருந்தது. அதன் தூண்கள் பார்வைக்குக் கல்லாகத் தோன்றினாலும் உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்பு. ஐரோப்பியப் பாணி என்று நாம் காண்பது அந்தப் பூச்சில் வனைந்த விளிம்புகளும் மடிப்புகளும்தான். வீட்டின் அழகு முழுவதும் உதிரப்போகும் அடுக்கில் வைக்கப்பட்டிருக்கிறது.

வரிசை வீட்டில் இந்த இயற்பியலுக்கு ஒரு அண்டைவீட்டுப் பக்கமும் உண்டு. பொதுச்சுவருக்கு வெளிக்காற்று கிடையாது. அது இரண்டு வீட்டுக் கூடங்களுக்குள்ளும்தான் உலர முடியும். அந்தக் காற்றைத் தருவது முற்றம். தாழ்வாரம் சூழ்ந்த முற்றத்தின் வழியாகச் சூடான காற்று மேலேற, வாசல் நடையிலிருந்தும் கொல்லையிலிருந்தும் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கார்த்திகை ஈரத்தில்கூட உட்சுவர் கொஞ்சமாவது உலர்கிறது. முற்றத்தைக் கண்ணாடியோ தகரமோ போட்டு மூடுகிறவர் கொசுவையும் மழையையும் நிறுத்துகிறார். கூடவே பொதுச்சுவரின் மூச்சையும். ஒரு வீட்டுக்காரர் தன் பக்கம் சிமெண்டு பூசி எண்ணெய்ப் பெயிண்டு அடித்தால், ஓதம் அடுத்த வீட்டுப் பூஜை அலமாரியில் ஏறும். மெட்ராஸ் டெரஸ் என்னும் மெத்தையும் இதே அடுக்குமுறைதான்: தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய அச்சுக்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கி, செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு கொட்டி, நாள்கணக்கில் தட்டி, உச்சியில் தட்டோடு ஒட்டியது. கெடுவது தட்டோடு, மாற்றுவதும் அதை மட்டும்.

இதற்கு முதல் மறுப்பு வலுவானது. இன்று நிற்பவற்றை மட்டும் பார்த்துப் பழைய முறையை மெச்சுகிறோம், விழுந்தவை கண்ணில் படவில்லை, நிற்பவையும் பணக்காரர் வீடுகள் என்பது அந்த மறுப்பு. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். பதினெட்டாம் நூற்றாண்டுப் படுகையில் பெரும்பாலோர் மண்சுவரிலும் கீற்றிலும் வாழ்ந்தார்கள். அவை எதுவும் நம் கணக்கில் இல்லை. இருநூறு ஆண்டு நின்றது என்பது மட்டும் ஆதாரமானால் என் வாதம் இங்கேயே விழுந்துவிடும். ஆகவே அதை ஆதாரமாக வைக்கவில்லை. பார்க்க வேண்டியது ஒரே சுவர். ஒரே காலத்தில், ஒரே செங்கல்லில் எழுந்த சுவரில் ஒரு பகுதி சுண்ணாம்பாலும் ஒரு பகுதி சிமெண்டாலும் பழுதுபார்க்கப்பட்டிருக்கும்போது, கெடுதல் எங்கே தொடங்குகிறது? சிமெண்டுத் திட்டின் விளிம்பில், அதை ஒட்டிய பழைய செங்கல்லில் என்பதை ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பழங்கட்டடங்களைச் செப்பனிடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். கட்டியவரின் செல்வம், செங்கல்லின் தரம், மண், மழை எல்லாம் பொதுவாக இருக்க, வேறுபடுவது பூச்சு ஒன்றே. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தரங்கம்பாடி வீடுகளைச் செப்பனிட்ட இன்டாக் அமைப்பும், கவர்னர் பங்களாவில் அதோடு சேர்ந்து பணிசெய்த டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் சுண்ணாம்புக்கே திரும்பியதைப் பழமைப் பற்று என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. பெரிய கோயில் எதிர்ச்சான்று ஆகாதா, அது உறுதியான கருங்கல்லால் அல்லவா ஆயிரம் ஆண்டு நிற்கிறது என்றும் கேட்கலாம். 60 மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்த விமானத்தின் கற்கள் இறுகிய சாந்தால் ஒட்டவைக்கப்பட்டவை அல்ல; எடையாலும் பிணைப்பாலும் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருப்பவை. உறுதியான துண்டும் இளகிய மூட்டும் என்ற விதி அங்கேயும் மீறப்படவில்லை.

இரண்டாவது மறுப்பு: வலிமை வேண்டாம் என்றால் சுவர் ஏன் ஒன்றரை அடி, இரண்டடிக் கனம்? கனம் வலிமைக்காக அல்ல. இழுவிசையை அறவே தாங்காத சுவரில் சுமை நடு மூன்றிலொரு பங்குக்குள் இறங்கும்வரை எங்கும் வாய் பிளக்காது. 45 செ.மீ. சுவருக்கு அது நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 7.5 செ.மீ. சலுகை, 23 செ.மீ. சுவருக்கு 4 செ.மீ.கூட இல்லை. ஆடும் மண்ணில் நிற்பதற்கு அந்தச் சலுகை வேண்டும். வெயிலுக்கும் அது உதவுகிறது: மெல்லிய சுவர் நண்பகல் வெப்பத்தை இரவு எட்டு மணிக்குப் படுக்கையறைக்குள் விடும்; இரட்டிப்புக் கனம் அதை விடியற்காலை வரை தள்ளிப்போட்டு, வரும்போது பெரிதும் தணித்துவிடும். ஆனால் பக்கவாட்டு விசைக்கு இந்தக் கட்டுமானத்தில் மருந்து இல்லை, இதை மறைக்க வேண்டியதில்லை. பலமான நிலநடுக்கத்தில் கம்பியில்லாச் செங்கல் சுவர் ஆபத்தானது. படுகை அதிக நடுக்கம் காணாத நிலப்பரப்பு என்பது இந்த வீடுகளுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். 2004 ஆழிப்பேரலையில் தரங்கம்பாடி மீனவர் குடியிருப்புகள் அழிய, டேனிஷ் கோட்டை நின்றது. அதைச் சுண்ணாம்பின் புகழில் சேர்ப்பது தவறு. அங்கே காப்பாற்றியது நிறையும் கனமும். இளகிய மூட்டு மெதுவான அசைவுக்கான ஏற்பாடு. அலைக்கும் நடுக்கத்துக்கும் வேறு கணக்கு வேண்டும்.

கடைசி மறுப்பு பணம். பலிப்பூச்சு என்றால் பலி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பதும், சில ஆண்டுக்கொரு முறை கீழ்ப்பூச்சைச் சுரண்டிப் பூசுவதும் மலிவான கூலியை நம்பி எழுந்த பழக்கங்கள். அந்தக் கூலி எவர் முதுகில் மலிவாக இருந்தது என்பதும் படுகைக்குத் தெரியும். சிமெண்டு வென்றதற்குக் காரணம் அறியாமை என்று பழமை விரும்பிகள் சொல்வதை ஏற்க முடியவில்லை. ஒரு நாளில் இறுகுவது, செக்கு வேண்டாதது, மூட்டையில் வருவது, குறைந்த ஆளோடு முடிவது. புதிதாகக் கட்டுகிறவருக்கு அது நியாயமான தேர்வு. இந்த வாதம் ஏற்கெனவே சுண்ணாம்பில் நிற்கும் சுவரைப் பற்றியது. அங்கே கணக்கு வேறு. சிமெண்டுப் பூச்சு பத்து ஆண்டு சும்மா இருந்துவிட்டுச் செங்கல்லையே கேட்கும். மாவான செங்கல்லை வெட்டி எடுத்து, மேலே உள்ள சுமையை முட்டுக்கொடுத்துப் புதுக்கல் செருகும் செலவு, அந்தப் பத்தாண்டும் சுண்ணாம்பு பூசிய செலவைப் பலமடங்கு மிஞ்சும். வீடு முழுக்கச் சுண்ணாம்பு வாங்க வசதியில்லாதவருக்கும் வழி உண்டு. ஓதம் ஏறும் கீழ் ஒன்றரை மீட்டரில் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பும் மணலும் மட்டும் கலந்த பூச்சை இரண்டு பக்கமும் போட்டு, பெயிண்டு அடிக்காமல் வெள்ளை மட்டும் அடிக்கலாம். முதல் பூச்சு உப்பை வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டில் உதிரும். வேலை பழுதாகிவிட்டது என்று மேஸ்திரியைத் திட்டாமல் அதைச் சுரண்டிக் கொட்டிவிட்டு அடுத்ததைப் பூச வேண்டும். சுவரில் சேர்ந்திருக்கும் பழைய உப்பு குறையக் குறைய அடுத்தடுத்த பூச்சுகள் கூடுதல் காலம் தாங்கும். கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலும் உப்பாகிக்கொண்டிருந்தால் அந்த இடைவெளி நீளாது. அங்கே பூச்சு மாற்றும் செலவை வீட்டு வரிபோல ஆண்டுக் கணக்கில் எழுதி வைத்துக்கொள்வதுதான் நடைமுறை.